துப்பாக்கியை ஒளித்து வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள்!

துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவரிடம், "துப்பாக்கியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், குரலைத் தாழ்த்திக் கொண்டுதான் பதில் சொல்வார்.

"பரண் மேல் இருக்கிறது. யாருக்கும் தெரியாது" என்பார் ஒருவர். "கட்டிலுக்கு அடியில், பாயில் சுற்றி வைத்திருக்கிறேன்" என்பார் இன்னொருவர். பீரோவில் பட்டுப் புடவைகளுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருப்பவரும் உண்டு.

யாருக்கும் தெரியாது என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆனால், வீட்டில் உள்ள பத்து வயதுப் பையனுக்கு அது தெரியும்! முறுக்கு எந்த டப்பாவில் இருக்கிறது, அதை எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற பையனுக்கு, ஓர் ஆள் இடுப்பு உயரத் துப்பாக்கியைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்?

ஒளித்து வைப்பது வேறு. பூட்டி வைப்பது வேறு. ஒளித்து வைப்பதால் இரண்டு கேடு. பிள்ளைகள் கையில் துப்பாக்கி சிக்கும் என்பது ஒன்று. காற்றும் வெளிச்சமும் படாத மூலையில் கிடந்து துப்பாக்கியே பாழாகும் என்பது மற்றொன்று.

இந்தியாவில் துப்பாக்கி உள்ள வீடுகள் குறைவு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். பயிரைக் காக்கும் விவசாயி, எஸ்டேட் முதலாளி, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பாங்கிக் காவல்காரர் இப்படிச் சிலர் வீட்டில்தான் துப்பாக்கி இருக்கும். (லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அது இருக்க வேண்டிய இடம் போலீஸ் நிலையம்.)

சில வீடுகள்தானே என்று விட்டுவிட முடியாது. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் விளையாட வருகிறார்கள். கோடை விடுமுறைக்கு அக்காள் மக்களும் தங்கை மக்களும் வருகிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையருக்குப் பரணில் துப்பாக்கி இருக்கும் விஷயமே தெரியாது.

பையன்கள் என்ன செய்தார்கள்?

"என் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் தொட மாட்டான்" என்று சொல்லும் தந்தைமார் உண்டு.

அமெரிக்காவில், ஜார்ஜியா ராஜ்யத்தின் அட்லாண்டா நகரத்து டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சோதனையின் முடிவு 2001-ல் வெளிவந்தது.

8 வயது முதல் 12 வயது வரை உள்ள 64 பையன்கள். அவர்களை இரண்டு பேர், மூன்று பேர் என்று 29 கூட்டமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கூட்டத்தையும் ஓர் அறையில் 15 நிமிடம் வரை தனியே விட்டார்கள். அந்த அறையில் மேஜை இழுப்பறைகள் இருந்தன. இரண்டு தண்ணீர்த் துப்பாக்கிகளையும், ஒரு நிஜக் கைத்துப்பாக்கியையும் தனித்தனி இழுப்பறைகளில் மறைத்து வைத்திருந்தார்கள். கைத்துப்பாக்கி சுடாதபடி செய்யப்பட்டிருந்தது. ஆனால், விசையை இழுத்தால் வெளியே ஒரு விளக்கு எரியும்! ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி வழியாக டாக்டர்கள் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

என்ன நடந்தது?

29 கூட்டங்களில் 21 கூட்டத்தார் அந்தத் துப்பாக்கியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 15 நிமிடத்துக்குள்! அவர்களில் 16 கூட்டத்தார் அதைக் கையில் எடுத்தார்கள். 10 கூட்டங்களில் விளக்கு எரிந்தது. விசையை இழுத்த பையன்கள் மட்டும் 16 பேர்.

கண்டுபிடித்த பையன்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், "அது பொம்மை என்று நினைத்தோம்" என்றும், "நிஜமா பொம்மையா என்று தெரியவில்லை" என்றும் சொன்னார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. தகப்பன்மார் நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. துப்பாக்கியை எடுத்தவர்கள், விசையை இழுத்தவர்கள் ஆகியோரில் 100-க்கு 90 பேருக்கு மேல், துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பது போன்ற புத்திமதியை முன்பே கேட்டவர்கள். "என் மகனுக்குத் துப்பாக்கி மேல் ஆசையே கிடையாது" என்று பெற்றோர் சொன்ன பையன்களும், மற்றப் பையன்களைப் போலவே எடுத்தார்கள், இழுத்தார்கள்.

புத்திமதி சொல்ல வேண்டாம் என்பதல்ல. சொல்லத்தான் வேண்டும். ஆனால், புத்திமதி பூட்டு ஆகாது.

"சின்னக் குழந்தைக்கு விசையை இழுக்கப் பலம் ஏது?" என்று கேட்கலாம். அதையும் அமெரிக்காவில் அளந்து பார்த்து 1995-ல் எழுதியிருக்கிறார்கள். இரண்டு விரலால் 10 பவுண்டு பலத்துடன் இழுக்க, 3, 4 வயதுக் குழந்தைகளிலேயே நாலில் ஒரு குழந்தையால் முடிந்தது. 5, 6 வயதில் 100-க்கு 70 பேர். 7, 8 வயதில் 100-க்கு 90 பேர். பல கைத்துப்பாக்கிகளின் விசைக்கு 5 பவுண்டு பலமே போதும்!

நான்கு காரியம்

2005-ல் இன்னோர் ஆராய்ச்சி வந்தது. பிள்ளைகள் கையில் துப்பாக்கி சிக்கி விபத்தோ தற்கொலை முயற்சியோ நடந்த சம்பவங்களில், அந்தத் துப்பாக்கி வீட்டில் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரித்தார்கள். அப்படி எதுவும் நடக்காத வீடுகளோடு ஒப்பிட்டார்கள்.

துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் வைப்பது. துப்பாக்கியைப் பூட்டி வைப்பது. தோட்டாவை வேறு இடத்தில் வைப்பது. அந்தத் தோட்டாவையும் பூட்டி வைப்பது. இந்த நான்கும் தனித்தனியே ஆபத்தைக் குறைத்திருந்தன. ஒன்றைச் செய்தாலும் பலன் உண்டு. ஆனால், ஒன்றோடு நிறுத்துவானேன்?

வீட்டுக்குள் கொண்டுவருமுன்பே தோட்டாவை எடுத்துவிட வேண்டும். இரட்டைக் குழல் துப்பாக்கியானால் மடித்துத் திறந்து, இரண்டு குழலையும் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தது போதாது. தோட்டா இருக்கும் இடத்தில் விரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். "நேற்றே எடுத்துவிட்டேன்" என்ற ஞாபகத்தை நம்பி எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

பிறகு இரும்புப் பெட்டி. அதைச் சுவரோடும் தரையோடும் போல்ட் போட்டு முடுக்கிவிட வேண்டும். முடுக்காத பெட்டி திருடனுக்கு வசதி. பெட்டியோடு தூக்கிக் கொண்டு போய்விடுவான். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. இரண்டு சாவியும் ஒரே கொத்தில் தொங்கினால் இரண்டு பூட்டு போட்டும் பலன் இல்லை. சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பதும், காலண்டர் ஆணியில் மாட்டுவதும் மறுபடியும் ஒளித்து வைக்கிற கதைதான். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் இடுப்பில் சாவி இருக்க வேண்டும்.

"பூட்டி வைத்தால், நடு இரவில் திருடன் வரும்போது என்ன செய்வது?" என்பது வழக்கமான கேள்வி. மெம்பிஸ், சியாட்டில், கால்வெஸ்டன் என்ற மூன்று அமெரிக்க ஊர்களில் இதற்குக் கணக்கு எடுத்து, 1998-ல் வெளியிட்டார்கள். வீட்டுத் துப்பாக்கி தற்காப்புக்காக ஒரு தடவை சுடப்பட்டால், கை தவறிச் சுட்டது நாலு தடவை. தாக்குதலும் கொலையும் ஏழு தடவை. தற்கொலையும் தற்கொலை முயற்சியும் பதினோரு தடவை! தலையணைக்கு அடியில் துப்பாக்கி வைத்திருப்பவர் இந்தக் கணக்கை மனைவிக்கும் படித்துக் காட்டட்டும்.

வீட்டில் ஒருவர் மனம் உடைந்து இருக்கிறார். பரீட்சையில் தவறிய மகன். கடன் தொல்லையில் தூங்காத தம்பி. அந்த நாட்களில் பூட்டுகூடப் போதாது. துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ போலீஸ் நிலையத்திலோ ஒப்படைத்துவிட வேண்டும். குடும்பத்துக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

துப்பாக்கியைப் பத்திரமாக வைத்துக் கொள்வதாக லைசென்ஸ் கேட்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால், காகிதத்தில் எழுதிக் கொடுப்பது சுலபம். முடுக்கிய இரும்புப் பெட்டி வீட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே லைசென்சில் கையெழுத்துப் போடுவது என்று அதிகாரிகள் வழக்கமாக்க வேண்டும். துப்பாக்கிக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்கிறவர், பெட்டிக்குக் காசு இல்லை என்று சொல்ல முடியாது.

குடகு நாட்டுப் பழக்கம்

காவேரி பிறக்கும் குடகு நாட்டில் துப்பாக்கி இல்லாத கொடவர் வீடு அபூர்வம். 1861-ல் பிரிட்டிஷ் ஆட்சி, ஆயுதச் சட்டத்தில் கொடவர்களுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கை இந்திய அரசாங்கம் 2019-ல் மேலும் பத்து ஆண்டுக்கு, அதாவது 2029 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி என்று ஊருக்குச் சேதி சொன்ன மலை நாடு அது.

நாற்று நடவு முடிந்து மழை ஓயும் சமயத்தில், செப்டம்பர் முதல் வாரத்தில், அங்கே 'கயில் பொல்து' என்ற ஆயுத பூஜை நடக்கிறது. துப்பாக்கிகளைத் துடைத்துப் பூஜை அறையில் வைக்கிறார்கள். காந்தள் பூச் சூட்டுகிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான அதே செங்காந்தள்தான். கொடவர் பேச்சில் அதற்குத் 'தோக்குப் பூ', அதாவது துப்பாக்கிப் பூ என்று பெயர்.

மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அத்தனை ஈரத்தில் நான்கு மாதம் இருந்த இரும்பை, மழை ஓய்ந்ததும் எடுத்துத் துடைப்பது பூஜைக்குப் பூஜை, பராமரிப்புக்குப் பராமரிப்பு! ஆனால், ஆண்டுக்கு ஒரு தடவை போதாது.

துருவுக்கு இரும்பும் காற்றும் ஈரமும் இருந்தால் போதும். கூடவே உப்பு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். கை வியர்வையில் உப்பு இருக்கிறது. துப்பாக்கியைத் தொட்டவர் துடைக்காமல் வைத்தால், சில நாளில் அவருடைய விரல் ரேகை அப்படியே துருவாக எழும்பி நிற்கும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது.

இங்கேதான் ஒளித்து வைப்பவர் ஏமாந்து போகிறார். பாயும் போர்வையும் ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும். துப்பாக்கியைச் சுற்றி வைத்தால் ஈரத் துணியைச் சுற்றி வைத்ததுபோல்தான். தோல் உறை இன்னும் மோசம்! பார்க்க அழகாக இருக்கும், பணமும் அதிகம். ஆனால், தோல் பதனிடும்போது சேர்ந்த உப்பும் புளிப்பும் அதில் இருக்கும். ஈரத்தையும் பிடித்துக் கொள்ளும். தோல் உறை எடுத்துச் செல்வதற்கு. உள்ளே போட்டு மாதக்கணக்கில் வைப்பதற்கு அல்ல.

மழையில் நனைந்த துப்பாக்கியை உடனே பெட்டிக்குள் வைத்துப் பூட்டக் கூடாது. துடைத்து, காற்றாட உலர விட்டு, மெல்லிய எண்ணெய்த் துணியால் மறுபடி துடைத்துப் பூட்ட வேண்டும். உலர்கிற நேரம் முழுவதும் ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மலைக் குளிரில் இருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தாலும், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே நீர் கோத்துக் கொள்வதுபோல, குழலுக்கு உள்ளும் வெளியும் நீர் கோத்துக் கொள்ளும்.

எண்ணெய் விஷயத்தில் இரண்டு தவறு நடக்கிறது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சமையலுக்கும் தலைக்கும்தான். துப்பாக்கியில் தடவினால் நாளாக நாளாகப் பிசின்போல் இறுகி, விசைப் பகுதியை ஒட்டிப்பிடிக்கும். துப்பாக்கிக்கு என்று விற்கும் மெல்லிய எண்ணெயே ஏற்றது. அதையும் ஊற்றக் கூடாது. துணியில் தொட்டுத் தடவ வேண்டும். அதிகமாகப் போன எண்ணெய் மெல்ல இறங்கி, அடியில் உள்ள மரக்கட்டையில் ஊறி, மரத்தை மெதுவாக்கிவிடும். அதனால்தான் பழைய வேட்டைக்காரர் சிலர் குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி வைப்பார்கள்.

பெட்டிக்குள் ஈரத்தைக் குறைக்க, செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலமாக வருகிறதே, அந்த 'சிலிக்கா ஜெல்' உதவும். ஆனால், அந்தச் சின்னப் பொட்டலம் போதாது. பெரிய பொட்டலமாக வாங்க வேண்டும். ஈரத்தைக் குடித்து முடித்ததும் அது வேலை செய்யாது. நிறம் மாறும் வகையில், நீலம் ரோஜா நிறமாக மாறினால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். 120 டிகிரி சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். அந்த நீலச் சாயம் உடலுக்குக் கெடுதல். சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்க வேண்டாம். ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்தால், காற்றின் ஈரம் 50 சதவிகிதத்தை ஒட்டி இருக்கும்படி பார்த்துக் கொள்ளலாம். அதற்கு மிகவும் கீழே போனால் மரக்கட்டை வெடிக்கும். மரக்கட்டைக்குக் கரையான் பயமும் உண்டு. பெட்டியை மண் சுவரோடு ஒட்டி வைக்காமல் இருப்பது நல்லது.

குழலுக்குள் குளவி!

திறந்து கிடக்கும் குழல், குளவிக்கு நல்ல வீடு. மண்ணைக் கொண்டுவந்து உள்ளே அப்பிக் கூடு கட்டிவிடும். அது தெரியாமல் சுட்டால் குழலே வெடித்துச் சுடுகிறவர் கையும் முகமும் போகலாம். உள்ளே சிக்கிய துணியும் கெட்டியான எண்ணெயும்கூட ஆபத்தே. எனவே, பல நாள் வைத்திருந்த துப்பாக்கியை எடுத்ததும், தோட்டா இல்லை என்று உறுதி செய்து கொண்டு, குழலின் பின்பக்கம் இருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே நேராக, சுத்தமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

வாய் வழியாகக் கருமருந்து போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் இன்னும் சில விவசாயிகளிடம் இருக்கின்றன. கருமருந்து எரிந்த கரி, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஒரே இரவில் குழலை அரிக்கத் தொடங்கும். சுட்ட அன்றே சோப்புப் போட்ட வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். "நாளைக்குப் பன்றி வரும்" என்று மருந்து கெட்டித்தபடியே மூலையில் சாத்தி வைப்பது கொலைக்குச் சமானம். கருமருந்தை அடுப்பங்கரையிலும் விளக்கு மாடத்துக்குப் பக்கத்திலும் வைக்கவே கூடாது.

தோட்டாவுக்கு எண்ணெய் வேண்டாம். எண்ணெய் உள்ளே இறங்கினால் அடியில் உள்ள கேப் நமுத்துவிடும். நமுத்த தோட்டா சுடாமல் நின்றால் உடனே திறந்து பார்க்கக் கூடாது. தாமதித்தும் வெடிக்கலாம். குழலை ஆளில்லாத பக்கம் காட்டியபடி அரை நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜை அன்று துப்பாக்கியையும் அரிவாளோடு வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் வீடுகள் உண்டு. வைக்கட்டும். தோட்டாவும் மருந்தும் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. அங்கே கற்பூரம் எரிகிறது. பொரி கடலைக்காகப் பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். சந்தனமும் தண்ணீரும் பட்ட இடத்தை அன்று மாலையே துடைத்து எண்ணெய் தடவிப் பூட்டிவிட வேண்டும். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019-ம் ஆண்டுத் திருத்தம் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அந்த வீராப்பு யாருக்கும் வேண்டாம்.

துப்பாக்கி கைவிட்டுப் போகும்போது

தேர்தல் சமயத்தில், உத்தரவு வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். கொடுக்கும்போது குழலுக்கு உள்ளும் புறமும் எண்ணெய் தடவிக் கொடுத்து, ரசீது வாங்கிக் கொள்ளலாம். திரும்பி வந்த அன்றே துருவும் குளவிக்கூடும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். துப்பாக்கி காணாமல் போனால் உடனே போலீசுக்குத் தெரிவிப்பது லைசென்ஸ்காரரின் கடமை.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால்? அவர் பெயரில் இருந்த லைசென்ஸ் அவரோடு போயிற்று. மனைவியோ மகனோ அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காலம் தாழ்த்தாமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனு கொடுக்கலாம்.

பல வீடுகளில் அம்மாமார்களுக்கு இது தெரிவதில்லை. துப்பாக்கி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, தமக்கு ஏதாவது ஆனால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். மனைவியிடமும் அதைப் படித்துக் காட்டிவிட வேண்டும்.